கீழாநெல்லியை லேபில் சோதிச்ச நோபல் விஞ்ஞானி! யார் இந்த பிளம்பெர்க்?

மஞ்சக் காமாலைன்னா கோவை, பொள்ளாச்சி பக்கத்து வீடுகள்ல அம்மாயி முதல்ல தேடுறது வரப்போரத்து கீழாநெல்லியைத்தான். வேரோட பிடுங்கி, அரைச்சு, மோர்ல கலக்கி வெறும் வயித்துல கொடுப்பாங்க. இதே செடியை நோபல் பரிசு வாங்கிய அமெரிக்கர் ஒருத்தர் லேபுக்குள்ள கொண்டுபோனார். அவர்தான் பரூக் பிளம்பெர்க்.

1925 ஜூலை 28-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். முதலில் படித்தது இயற்பியல், பிறகுதான் மருத்துவம். ஒரே நோய் ஒருத்தரைத் தாக்குது, இன்னொருத்தரை விட்டுடுது, ஏன்? இந்தக் கேள்வியோடு பல நாட்டு மக்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். 1960-களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் புதுசா ஒரு புரதம் சிக்கியது. அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்பது பிறகுதான் புரிந்தது. இத்தனைக்கும் அவர் வைரஸைத் தேடிப் போகவே இல்லை! ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி எல்லாம் இதிலிருந்து வந்தவைதான். 1976-ல் நோபல்.

சரி, தடுப்பூசி இனி வராம காக்கும். ஏற்கெனவே வைரஸோட வாழ்றவங்க? பெரியவங்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் உடம்பே விரட்டிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால், சுமார் 90% குழந்தைகளுக்கு அது தங்கிடும். நோய் எதிர்ப்புச் சக்தி அதை எதிரியா எடுத்துக்காம சும்மா இருந்துடும். அதைத் தட்டி எழுப்பத்தான் இன்டர்ஃபெரான் ஊசி. ஆனா ஒரு பகுதியினருக்குத்தான் பலன். காய்ச்சல், உடல்வலி வேற.

மாற்று தேடிய பிளம்பெர்க் குழு, கீழாநெல்லிச் சாறு வைரஸ் பெருகத் தேவையான நொதியைத் தடுப்பதை லேபில் பார்த்தது. சென்னையில் எஸ்.பி.தியாகராஜன் குழுவோடு சேர்ந்து மனிதர்களிடமும் சோதித்தார்கள். 30 நாள் மருந்து. கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸ் புரதம் ரத்தத்தில் காணாமல் போனது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். 1988-ல் 'லான்செட்' இதழில் வெளியானதும் பெரிய பரபரப்பு.

ஆனா தாய்லாந்தில் திரும்பச் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கல. பின்னாடி வந்த தொகுப்பு ஆய்வுகளும் கீழாநெல்லிக்கு உறுதியான ஆதாரம் இல்லைன்னுதான் சொல்லின. அப்போ அம்மாயி வைத்தியத்துல குணமானது எப்படி? ஹெபடைடிஸ் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானே சரியாகும். பி வகை தங்கிட்டா கண் மஞ்சள் போனாலும் கல்லீரலுக்குள்ள வேலை நடக்கும். சாறு குடிச்சாச்சுன்னு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுறது இங்கதான் ஆபத்து.

பிளம்பெர்க் பிறகு நாசாவின் வானுயிரியல் நிறுவனத்துக்கு முதல் இயக்குநரானார். 2011 ஏப்ரல் 5-ல், கலிஃபோர்னியாவில் நாசா கருத்தரங்கில் பேசி முடித்த கொஞ்ச நேரத்தில் இறந்தார். வயது 85. அவர் பிறந்தநாளான ஜூலை 28-தான் இப்போ உலக ஹெபடைடிஸ் தினம்.