அயோத்திதாசரும் வறுமை குறித்த இரு வழக்குகளும்

ஏழை நாடுகளின் வறுமைக்குக் காலனியச் சுரண்டலே காரணம் என்பர் ஒரு சாரார். அந்நாடுகளின் உள்ளமைப்பே காரணம் என்பர் மறுசாரார். இவ்வழக்கு சென்னையில் நூறாண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. இந்தியச் செல்வம் இங்கிலாந்துக்கு வடிந்தோடுவதைத் தாதாபாய் நௌரோஜி 1901இல் நூலாகவே வெளியிட்டார். சுதேசியம் அவ்வாதத்தை ஏந்தி நின்றபோது, வடிவதற்கு முன் அச்செல்வம் எவர் கையில் இருந்தது என்ற கேள்வியை முன்வைத்தவர் பண்டிதர் அயோத்திதாசர்.

1845 மே 20 அன்று பிறந்த அவரின் இயற்பெயர் காத்தவராயன். தம் ஆசிரியரின் பெயரைத் தமதாக்கிக்கொண்டார். சித்த மருத்துவர். நீலகிரியில் 1891இல் திராவிட மகாஜன சபையைக் கூட்டி, நிலமற்றோருக்குத் தரிசு நிலமும் பிள்ளைகளுக்குக் கல்வியும் கோரினார். மறு ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் ஆலய நுழைவைக் கேட்டபோது, உங்களுக்கென்று தனித் தெய்வங்கள் உண்டே என்று மறுத்தனர். தேசம் பேசியோரின் எல்லை எதுவரை என்பதை அவர் அன்றே அறிந்திருக்க வேண்டும். அதே 1892 செப்டம்பர் 30இல்தான், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கையையொட்டி, பிற்காலத்தில் பஞ்சமி நிலம் எனப்பட்ட நில ஒதுக்கீட்டுக்கான அரசாணை பிறந்தது.

நிலம் எவர் கைக்குச் சென்றது என்பதற்குத் திருவாலங்காடே சான்று. 1905இல் இங்குக் கிடைத்த முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகள், 31 ஏடுகளில், பழையனூர் தேவதானமாக்கப்பட்டதைப் பதிவு செய்கின்றன. அரசாணையும் எல்லைகளும் விரிவாக உண்டு. அந்நிலத்தில் சேற்றில் நின்றவர்களுக்கு அதில் உரிமைப் பத்தி ஏதுமில்லை. வெள்ளையர் வருவதற்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆவணம் இது.

1898இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். 1907 ஜூன் 19இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். ஓராண்டில் அது ‘தமிழன்’ ஆயிற்று. கோலார் தங்கவயல் தொழிலாளரும் அதைப் படித்தனர். உழைப்பவனைத் தீண்டாத தேசத்தில் உள்நாட்டுத் துணி உடுத்துவதால் அவன் பசி தீராது என்பதே அவ்விதழில் அவர் நடத்திய வாதத்தின் சாரம். சட்ட மொழியில் சொன்னால், இழப்பீடு கோரும் வாதிக்கு அதற்கான தகுதி உண்டா என்று கேட்டார்.

ஆனால் ஆங்கில ஆட்சியின் மீது அவர் வைத்த நம்பிக்கை மிகையானது. மிராசுதாரரின் உரிமையைக் காத்து நின்றதும் அதே ஆட்சியின் வருவாய்த் துறைதான். நௌரோஜியின் கணக்கும் பொய்யன்று. அவர் விட்டுவிட்ட பக்கத்தையே அயோத்திதாசர் எழுதினார். 1914 மே 5இல் அவர் மறைந்தபோது, பஞ்சமி நில ஆணைக்கு 21 வயது. அந்நிலங்களை மீட்கும் வழக்குகள் இன்றும் நீதிமன்றங்களில் நடந்துகொண்டிருக்கின்றன.