ரேடியோ ரிப்பேர்க்காரர் தந்த கிடார்

மலருக்கு ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுது என்றார்கள். எடிசனையும் ஃபாரடேயையும் நாம் ஸ்கூலிலேயே படிச்சாச்சு. அதனால் நம்ம ஜாதியைச் சேர்ந்த ஒருத்தரைப் பற்றி எழுதுகிறேன். ஜாதின்னா சோல்டரிங் அயர்ன் பிடிக்கிற ஜாதி! அவர் பெயர் லியோ ஃபெண்டர். எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறவர்களில் இந்தப் பெயர் தெரியாதவர் இருக்க மாட்டார். ஆனால் அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது. அவர் ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரர்.

1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிறந்தார். பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த விவசாயிகள். எட்டு வயசில் கட்டி வந்து இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். பிறகு வாழ்நாள் முழுக்கக் கண்ணாடிக் கண்தான். மாமா ஒருவர் செய்து வைத்திருந்த ரேடியோவைப் பார்த்ததிலிருந்து பையனுக்கு அதே பைத்தியம். காலேஜில் படித்ததோ கணக்குப்பதிவு! எலெக்ட்ரானிக்ஸில் ஒரு சர்டிஃபிகேட்கூட அவர் வாங்கவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் கணக்கர் வேலையும் போனது. 1938ல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார்.

கடைக்கு ரேடியோ மட்டுமா வந்தது? ஊர்க் கலைஞர்கள் ஆம்ப்ளிஃபையரையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எது எங்கே உடைகிறது, எந்த ஒயர் எப்போது விட்டுப்போகிறது என்பதெல்லாம் அவருக்கு அப்படித்தான் மனப்பாடம் ஆனது. அந்தக் காலத்துக் கிடார் உள்ளே வெற்றிடமான பெட்டி. அதில் பிக்கப்பை மாட்டிச் சத்தத்தைக் கூட்டினால் ஊளையிடும். லியோவும் டாக் காஃப்மன் என்ற நண்பரும் 1943 வாக்கில், தாங்கள் செய்த ஒரு பிக்கப்பைச் சோதித்துப் பார்க்க கெட்டி மரத்தில் ஒரு கிடார் செய்தார்கள். சோதனைக்குச் செய்த அந்தக் கட்டையையே கலைஞர்கள் கேட்டு வாங்கிப்போய் வாசித்தார்கள்.

1950ல் கெட்டி மரக் கிடார் விற்பனைக்கு வந்தது. அதற்கு வைத்த பிராட்காஸ்டர் என்ற பெயர் வேறொரு கம்பெனியின் டிரம் பெயரை ஒத்திருந்ததால் 1951ல் டெலிகாஸ்டர் ஆனது. அதே வருஷம் பிரிசிஷன் பேஸ் வந்தது. 1954ல் மூன்று பிக்கப் வைத்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. பின்னாளில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கையில் உலகம் பார்த்தது இதைத்தான்.

இங்கேதான் ரிப்பேர்க்காரர் புத்தியைக் கவனிக்கணும். மற்றவர்கள் கிடாரின் கழுத்தைப் பசை போட்டு ஒட்டினார்கள். லியோ நான்கு ஸ்க்ரூவில் முடுக்கினார். கழுத்து கெட்டால் கழற்றி வேறு போடலாம். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்கப்பும் ஸ்விட்சும் கன்ட்ரோல்களும் ஒரே தகட்டில் தொங்கும். ஸ்க்ரூக்களைக் கழற்றினால் எல்லாம் மொத்தமாக வெளியே வந்துவிடும். நாளைக்கு இதைத் திறக்கப்போகிறவனை நினைத்துச் செய்த வேலை அது. இன்றைக்கு உலகம் முழுக்க ஆட்கள் பிடித்த பிக்கப்பை வாங்கித் தாங்களே மாற்றிக்கொள்கிறார்கள் என்றால், அதற்கு வழி விட்டவர்களில் இவர் முக்கியமானவர்.

பிக்கப் என்பது பெரிய மாயம் இல்லை. காந்தத் துண்டுகள், அதைச் சுற்றித் தலைமுடி மாதிரி மெல்லிய 42 கேஜ் செப்புக் கம்பி, சுமார் எட்டாயிரம் சுற்று. இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் ஆடுகிறது, காயிலில் மின்னழுத்தம் பிறக்கிறது. நாம் படித்த ஃபாரடே விதிதான்!

மாற்றும்போது ஜோடி பார்ப்பதுதான் முக்கியம். தந்தி கழுத்துப் பக்கம் அகலமாக ஆடும், பிரிட்ஜ் பக்கம் கொஞ்சமாகத்தான் ஆடும். அதனால் ஒரே பலமுள்ள இரண்டைப் போட்டால் பிரிட்ஜ் பக்கம் மெலிந்து கேட்கும். பிரிட்ஜில் கொஞ்சம் அதிகம் சுற்றியதைப் போடணும். கழுத்துக்கு 6 கிலோ ஓம் என்றால் பிரிட்ஜுக்கு 7 வரை போகலாம். ஆனால் ஓமை மட்டும் நம்பக் கூடாது. டெலிகாஸ்டரின் கழுத்துப் பிக்கப்பில் 43 கேஜ் கம்பி. கம்பி மெலிந்தாலே ஓம் கூடும், அதனால் சத்தம் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. காசு செலவு பண்றதுக்கு முன்னாடி, பிக்கப்பின் உயரத்தை ஸ்க்ரூவில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். ஒற்றைக் காயில் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல், இரட்டைக் காயில் உள்ள ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம்.

இரண்டையும் சேர்த்துப் போட்டதும் சத்தம் சூம்பிப்போனால் ஃபேஸ் எதிரெதிராக இருக்கிறது. ஒன்றின் இரண்டு ஒயர்களை மாற்றிப் பற்றவைத்தால் சரியாகும். டெலிகாஸ்டரின் கழுத்துப் பிக்கப்பில் மட்டும், உலோக மூடியின் எர்த் இணைப்பை முதலில் தனியாகப் பிரித்துவிட வேண்டும்.

ஒற்றைக் காயிலின் குறை, மின்சார லைனின் இரைச்சலையும் சேர்த்து இழுக்கும். இரண்டு காயில்களில் ஒன்றின் காந்தத்தையும் சுற்றையும் தலைகீழாக்கினால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், இசை மட்டும் கூடும். கிப்சன் கம்பெனியின் சேத் லவர் இந்த முறையில்தான் ஹம்பக்கர் செய்தார். லியோவும் 1957ல் பிரிசிஷன் பேஸின் பிக்கப்பை இரண்டு துண்டாக்கி அதே பலனைக் கண்டார்.

ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு அவர் வைத்தது மூன்று நிலை ஸ்விட்ச். வாசிக்கிறவர்கள் அதை இரண்டு நிலைக்கு நடுவில் நிறுத்தி, இரண்டு பிக்கப்பை ஜோடியாக ஒலிக்கவிட்டுப் புது ஓசை கண்டுபிடித்தார்கள். 1977ல் கம்பெனியே ஐந்து நிலை ஸ்விட்ச் கொடுத்தது. செய்தவருக்குத் தோன்றாததைத் திறந்து பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள்!

அப்போது கம்பெனி லியோவிடம் இல்லை. நோயில் உடல் தளர்ந்து, 1965ல் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 130 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். பிறகு உடம்பு தேறியது. ஆனால் பெயர் போனது போனதுதான். தன் சொந்தப் பெயரைத் தான் செய்யும் கிடாரில் போட முடியாத நிலை. வேறொருவராக இருந்தால் பணத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவர் மியூசிக் மேன், அப்புறம் ஜி அண்ட் எல் என்று வேறு பெயர்களில் மறுபடி பெஞ்சுக்கே போனார். பார்க்கின்சன் நோய் வந்து கை நடுங்கியபோதும் கடைசி நாட்கள் வரை வேலைக்குப் போனார். 1991 மார்ச் 21ல் காலமானார். வயது 81.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான். டிப்ளமோ முடிச்சு என்ன, ரிப்பேர்க் கடையில்தானே உட்காரப்போறேன்னு ஊரில் கேட்கிறவர்கள் உண்டு. எங்கப்பாவுக்கு அது வருத்தம். லியோவைப் பற்றிப் படித்த பிறகு அவரிடம் சொன்னேன், ரிப்பேர் பார்க்கிறவனுக்குத்தான் சாமான் எங்கே உடையும்னு தெரியும், அது தெரிஞ்சவன்தான் உடையாத சாமான் செய்வான் என்று. அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வீட்டில் ஓடாமல் கிடந்த ரேடியோவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

நண்பர்களே, படிப்பு முடிந்து நாம் பெரிய ஃபேக்டரிக்குப் போகலாம், சின்னக் கடையும் போடலாம். எதைச் செய்தாலும் ஸ்க்ரூ போட்டுச் செய்வோம். நமக்குப் பின்னால் வருகிறவன் திறந்து பார்க்கட்டும்!