தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியும் நம் பிள்ளைகளின் தாளக் கல்வியும்

கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை நாதஸ்வரமும் தவிலும் முழங்காமல் நம் ஆலயங்களில் சுவாமி வீதியுலா வருவதில்லை. அந்தத் தவிலுக்குக் கடல் கடந்தும் புகழ் தேடித் தந்த ஈழத்துக் கலைஞர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி அவர்களை எமது ஆலய மலரில் நினைவுகூர்வது சாலப் பொருத்தமாகும்.

அன்னார் 1933ஆம் ஆண்டு இணுவிலில் தவில் வித்துவான் விசுவலிங்கம் அவர்களின் புதல்வராகப் பிறந்தார். பின்னர் அளவெட்டியில் வாழ்ந்தார். தந்தையாரே முதற்குரு. சொற்கட்டை வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டு, அதன் பின்னரே தவிலைத் தொடுவது அக்கால இசைக்குடும்பங்களின் வழக்கம். மேலும் கற்கும் ஆவலுடன் தமிழகம் சென்று நாச்சியார்கோயில் இராகவப்பிள்ளை அவர்களிடம் பயின்றார். பிற்காலத்தில் அதே குருவுடன் ஒரே மேடையில் அமர்ந்து வாசிக்கும் பேறும் பெற்றார். காருகுறிச்சி அருணாசலம், ஷேக் சின்ன மௌலானா, அளவெட்டி பத்மநாதன் முதலிய நாதஸ்வர மேதைகளுக்கு அவர் வாசித்ததை இசையுலகம் நன்கறியும். லயஞான குபேர பூபதி என்று ரசிகர்கள் அவரைப் போற்றினர்.

அவர் ஏட்டைப் பார்த்து வாசித்தவர் அல்லர். ஆகவே தாள வாத்தியக்காரருக்குச் சாஸ்திரமும் எழுத்தும் தேவையில்லை என்று சிலர் வாதிடுவர். அது முழு உண்மையன்று. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் 8 அட்சரம். சதுஸ்ர நடையில் அது 32 மாத்திரை. 10 மாத்திரைச் சொல்லை மும்முறை வாசித்து, இடையே இரண்டு இடங்களில் ஒவ்வொரு மாத்திரை கார்வை விட்டால் சரியாக 32 வரும். இந்தக் கணக்குத்தான் சாஸ்திரம். தெட்சணாமூர்த்தி அவர்களிடம் இது காகிதத்தில் அல்லாமல் நாவிலும் விரலிலும் குடியிருந்தது. அவர் சாஸ்திரம் அறியாதவர் அல்லர்; அதனை உண்டு செரித்தவர்.

ஆயினும் 1975ஆம் ஆண்டு, நாற்பது வயதைக் கடந்த சிறிது காலத்திலேயே அவர் இறைவனடி சேர்ந்தார். அவரது கற்பனையில் நமக்கு எஞ்சியவை பெரும்பாலும் ஒலிப்பதிவுகளே. அவர் வாழ்வைப் பற்றி அம்ஷன் குமார் இயக்கிய ஆவணப்படம் 2014ஆம் ஆண்டுக்கான இந்திய தேசிய விருதைப் பெற்றது. யாழ்ப்பாணத்து மேதைக்கே நிலைமை இதுவென்றால், நம் மலையகத் தப்புக் கலைஞரின் கதி என்ன? காமன்கூத்துக்கு ஓர் அடி, சாமி ஊர்வலத்துக்கு ஓர் அடி, இறுதிச் சடங்குக்கு ஓர் அடி என அவர்கள் வகுத்து வைத்தவை எழுதப்படாமலே மூத்தோருடன் மயானம் செல்கின்றன. விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்த தப்பின் அடியை இன்று வாசித்துக் காட்ட எத்தனை பேர் உள்ளனர்?

இன்னொன்றும் உண்டு. வட இலங்கை சங்கீத சபையின் தேர்வுகளில் செய்முறையுடன் அறிமுறையும் உண்டு. கையில் வித்தை இருந்தும் அறிமுறை எழுதத் தெரியாத தோட்டத்துப் பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையேல் சங்கீத ஆசிரியர் பதவியும் எட்டாது. கோப்புகளோடு காலம் கழித்த அரசாங்க லிகிதன் என்ற முறையில் ஒரு துண்டுக் காகிதத்தின் பெறுமதியை அடியேன் அறிவேன். அதேவேளை, காகிதத்தை மட்டும் கற்றவரால் சுவாமி வாசலில் நாதஸ்வரக்காரரின் பக்கத்தில் நின்று ஈடுகொடுக்க முடியாது என்பதும் கண்கூடு.

எனவே முதலில் நாவு, அடுத்து கை, அதன்பின் ஏடு என்ற ஒழுங்கே சிறந்தது. எமது அறநெறி வகுப்பில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரத்தைத் தாளக் கல்விக்கு ஒதுக்கலாம். அங்கே பெரியவர்கள் தப்படியைச் சொல்ல, பிள்ளைகள் அதனைச் சொற்கட்டாக எழுதட்டும். பரிபாலன சபையும் பெற்றோரும் இதனை மனங்கொள்ள வேண்டும். எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருள் துணை நிற்பதாக.