தேனீக்கு நிறம் தெரியும்!

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் எள் பூத்தால் தேனீக்கள் மொய்க்கும். அவற்றின் உடம்பில் ஒட்டிய மகரந்தம் பூவுக்குப் பூ போய்ச் சேரும்.

பூவின் நிறம் தேனீக்குத் தெரியுமா? தெரியவே தெரியாது என்று அடித்துச் சொன்னார், ஜெர்மனியின் புகழ் பெற்ற கண் மருத்துவப் பேராசிரியர் ஹெஸ்.

ஓர் இளைஞர் அதை நம்பவில்லை. அவர்தான் கார்ல் வான் பிரிஷ். 1886-ல் வியன்னாவில் பிறந்தவர். தேனீயை அழைக்கவே பூவுக்கு நிறம் என்று அவர் எண்ணினார்.

நீல அட்டையில் சர்க்கரைத் தண்ணீர் வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். பிறகு, வெறும் நீல அட்டையைச் சாம்பல் நிற அட்டைகளின் நடுவே வைத்தார். தேனீக்கள் நீலத்தையே நாடி வந்தன!

1914-ல், 27 வயதில், இந்த ஆராய்ச்சியை வெளியிட்டார். பிற்காலத்தில் தேனீயின் நடன மொழியையும் கண்டறிந்தார். 1973-ல் மூவரில் ஒருவராக நோபல் பரிசு பெற்றார். 1982-ல் காலமானார்.