ரயில் மறுத்த ஆசான்

சுப்பிரமணிய சிவா பள்ளிக்கூட வாத்தியார் அல்லர். ஆயினும் தூத்துக்குடி ஆலைத் தொழிலாளிகள் அரசியல் பாடம் கற்றது அவருடைய கூட்டங்களில்தான். அப்பேச்சுக்காக 1908-ல் சிறை புகுந்தார். 1912-ல் வெளிவந்தபோது தொழுநோய் அவர் உடலில் குடிகொண்டிருந்தது.

1913-ல் ‘ஞானபாநு’ என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். படிக்கத் தெரிந்தவனுக்குப் பத்திரிகை உண்டு, தெரியாதவனுக்கு? ஊர் ஊராகப் போய்ப் பேசினால்தான் உண்டு. அங்கேதான் சர்க்கார் குறுக்கிட்டது. தொழுநோயாளி ரயில் ஏறக்கூடாதென்று தடை. இன்று மாத்திரையில் குணமாகும் அந்நோய்க்கு அக்காலத்தில் மருந்து இல்லை. ஜனங்களுக்கு அச்சமும் பெரிது. ஆனால் சிவாவின் வாயை அடைக்க அந்த விதி வெள்ளையருக்கு வெகு வசதியாகவும் அமைந்துவிட்டது. அவரோ நோயுற்ற உடம்போடு கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் கிராமம் கிராமமாகச் சென்று பேசினார்.

கடைசியில் தங்கிய இடம், இன்றைய தருமபுரி மாவட்டத்திலுள்ள பாப்பாரப்பட்டி. அங்கே பாரதாசிரமம் கண்டார். பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப விரும்பினார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். அதற்கு நிதி திரட்டவும் அதே வண்டி, அதே நடை. 1925 ஜூலை 23-ந் தேதி பாப்பாரப்பட்டியிலேயே கண்மூடினார். வயது 40. கோயில் அப்போது எழும்பியிருக்கவில்லை.