யூனிக்ஸ் தந்த டென்னிஸ் ரிட்சி

டென்னிஸ் ரிட்சி 1941ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். அவருடைய தந்தையார் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அறிவியலாளர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்ற ரிட்சி, பின்னர் அங்கேயே கணிதத்தில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதி முடித்தார். ஆனால், அதனை நூலாகக் கட்டி ஒப்படைக்கவே இல்லை, பட்டமும் கிடைக்கவில்லை. 1967இல் தந்தை பணியாற்றிய ஆய்வுக்கூடத்திலேயே அவரும் சேர்ந்தார்.

அக்காலத்தில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தினர். அதற்காக மல்டிக்ஸ் என்னும் பெரிய இயங்குதளம் உருவாகி வந்தது. பணி நீண்டுகொண்டே போகவே, 1969இல் பெல் ஆய்வுக்கூடம் அத்திட்டத்திலிருந்து விலகியது. அதே ஆண்டில் கென் தாம்சன், ரிட்சி முதலியோர் சிறியதோர் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அதுவே யூனிக்ஸ்.

யூனிக்ஸ், நண்பர்கள் கூடி வேலை செய்யும் பட்டறையைப் போன்றது. பாதுகாப்பை முதன்மையாகக் கொண்டு அது வடிவமைக்கப்படவில்லை என்பதை ரிட்சியே பின்னாளில் ஒளிவுமறைவின்றி எழுதினார். பயனர்கள் பெருகியபோது ஒரு சிக்கல் எழுந்தது. எல்லாருடைய கடவுச்சொற்களும் ஒரே கோப்பில் இருந்தன. அக்கோப்பில் எழுத அனைவரையும் அனுமதித்தால், ஒருவர் மற்றவரின் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். எவரையும் அனுமதிக்காவிட்டால், தம் சொந்தக் கடவுச்சொல்லை மாற்றுவதற்குக்கூட நிர்வாகியைத் தேடிப் போக வேண்டும்.

ரிட்சி கண்ட தீர்வு எளிமையானது. அவர் அதிகாரத்தை மனிதருக்கு வழங்காமல் நிரலுக்கு வழங்கினார். கடவுச்சொல்லை மாற்றும் நிரல் இயங்கும்போது மட்டும் நிர்வாகியின் அதிகாரத்தைப் பெறும். வேலை முடிந்ததும் அதனை இழக்கும். இதற்கு 1979இல் காப்புரிமை கிடைத்தது. எனினும், அத்தகைய நிரலில் ஒரு பிழை இருந்தால், ஊடுருவுபவரின் கைக்கு அந்த முழு அதிகாரமும் போய்ச் சேரும். ஆகவே, இவ்வழியைக் கவனத்துடன் கையாள வேண்டியிருந்தது.

அவர் உருவாக்கிய சி நிரல்மொழியும் இத்தகையதே. அது வேகமானது, நிரலருக்கு மிகுந்த சுதந்திரம் தருவது. நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதினாலும் அது தடுக்காது. 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய கணினிப்புழு ஒன்று, இவ்வகைப் பிழையையும் ஒரு வழியாகப் பயன்படுத்தி ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தது. மொழியைக் குறை சொல்வதா, கவனம் தவறிய நிரலரைக் குறை சொல்வதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

1983இல் ரிட்சியும் தாம்சனும் டூரிங் விருதைப் பெற்றனர். 2011 அக்டோபரில் ரிட்சி தமது எழுபதாவது வயதில் காலமானார். ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்து சில நாள்களே ஆகியிருந்ததால், இச்செய்தி பலரை எட்டவே இல்லை.

ஆண்ட்ராய்டு திறன்பேசிகளின் அடித்தளமான லினக்ஸ், யூனிக்ஸைப் பின்பற்றி எழுதப்பட்டது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியும் தனித்தனிப் பயனராகவே நடத்தப்படுகிறது. ஒரு செயலி மற்றொன்றின் கோப்புகளை நேரடியாகத் திறக்க இயலாது. அது நம் ஒளிப்படக்கருவியைப் பயன்படுத்த விரும்பினால், முதலில் நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும்.