காமராஜரும் முதியோர் உதவித்தொகையும்

விருதுபட்டி என முன்னர் வழங்கிய விருதுநகரில், 1903ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மைந்தராகத் தோன்றியவர் காமராஜர். பிள்ளைப் பருவத்திலேயே தந்தையாரை இழந்தார். அன்னையாரும் பாட்டியார் பார்வதி அம்மையாரும் குடும்பச் சுமையைத் தாங்கினர். ஆண்துணையற்ற இல்லத்தின் வறுமை எத்தகையது என்பதை அவர் ஏட்டிற் படித்தறியவில்லை; அதனுள்ளேயே வளர்ந்தார்.

அவர் பயின்ற க்ஷத்திரிய வித்தியாசாலை, அந்நகரில் நம்மவர் இல்லந்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து வளர்த்த கல்விச்சாலையாகும். ஊர் கூடி உதவுதல் பிச்சையன்று, கடமையென்பதை அச்சிறுவர் அங்கேயே உணர்ந்திருத்தல் வேண்டுமென யாம் கருதுகிறோம். கல்வி இடையில் நின்றது. தாய்மாமனின் துணிக்கடையிற் பணி புரிந்தார். பின்னர்த் தேசத் தொண்டில் ஈடுபட்டு, 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்து, அலிப்பூர்ச் சிறையில் வாடினார்.

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் சென்னை இராஜ்யத்தின் முதலமைச்சரானார். 1956இல் அவர் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தை அறியாதார் நம்முள் இலர். ஆயின் இளஞ்சிறார்க்கு உணவளித்த அவ்வாட்சியே முதியோர்க்கும் வழி செய்தது என்பதைப் பலர் மறந்தனர். உத்தரப் பிரதேசம் 1957இல் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கிற்று. நம் இராஜ்யத்தில் 1962ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஆதரவற்ற முதியோர்க்குத் திங்கள்தோறும் 20 ரூபாய் அளிக்கப்பெற்றது. தொகை சிறிதேயாயினும், கைவிடப்பட்ட முதியவர் அண்டை வீட்டாரின் இரக்கத்தை நோக்கியிராமல் அரசினிடம் கேட்டுப் பெறலாம் என்னும் நிலை அன்றே பிறந்தது.

1963ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தாமே பதவி துறந்தார். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தார். மனைவி மக்களோ, சேர்த்து வைத்த செல்வமோ அவருக்கில்லை. அவர் காலத்து நட்ட செடி அவருக்குப் பின்னும் கிளைத்தது. ஊனமுற்றோர், கைம்பெண்டிர், முதிய உழவுத் தொழிலாளர், கணவராற் கைவிடப்பட்டோர் எனப் பலர்க்கும் விதிகள் விரிந்தன. 1995இல் மத்திய அரசின் தேசியத் திட்டமும் வந்தது. 2023இல் தமிழ்நாட்டில் முதியோர்க்குரிய தொகை 1,200 ரூபாயாயிற்று.

அன்பர்காள்! தொகை வளர்ந்த அளவு விதி வளர்ந்ததா என்பதே யாம் இங்கு ஆராயத் தக்கது. விண்ணப்பிப்போர் சொத்தின் மதிப்பு ஒரு வரம்பைக் கடத்தலாகாதென்பது ஒரு விதி. அவ்வரம்பு முன்னர் ஐம்பதாயிரமாகவும் பின்னர் ஒரு லட்சமாகவும் வகுக்கப்பெற்றது. இதனை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் வைத்து நோக்குமின். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார்க் கார்த் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் ஒரகடத்திலும் பல எழுந்தன. ஆலை வந்த இடமெல்லாம் நிலத்தின் மதிப்பு ஏறிற்று. பன்னெடுங்காலமாகக் குடிசையில் வாழும் மூதாட்டியார் ஒருவர், காலடி மண்ணின் விலை ஏறிய ஒரு காரணத்தாலேயே செல்வராகிவிடக்கூடும். அம்மண்ணை விற்றால் இருக்க இடமில்லை. விற்காவிடின் உண்ணச் சோறில்லை. மகனொருவன் ஆலையில் ஒப்பந்தக் கூலியாயிருப்பின், அவன் வேலை நிலையற்றதாயினும், ஆதரவுடையார் என்று தள்ளப்படுதலும் கூடும்.

ஆதலின், தாம் குடியிருக்கும் மனையின் மதிப்பைக் கணக்கினின்று நீக்குதலும், மகன் உளன் என்பதை நோக்காது அவன் மெய்யாகவே காக்கின்றானா என்பதை நோக்குதலும் வேண்டும். இவை அரசினர் செய்யத் தக்கன. நாம் செய்யத் தக்கது யாது? நம் சங்கத்து இளைஞர் தத்தம் தெருவிலுள்ள தனித்த முதியோரைக் கண்டறிந்து, விண்ணப்பம் எழுதி, வட்டாட்சியர் அலுவலகத்திற்கு உடன் சென்று, மறுக்கப்படின் காரணத்தை எழுத்திற் கேட்டுப் பெறுதல் வேண்டும். காமராஜர் பிறந்த நாளில் மாலை சூட்டுதற்குச் செலவிடும் ஒருபொழுதை இதற்கும் ஈவார்களாயின், அப்பெரியாரை நம்மவர் என்று கூறிக்கொள்ள நமக்கு உரிமை உண்டாம்.